ஐந்தாவது பஜ்ஜி

"அந்தத் தட்டை ஆஃப் பண்ணுங்க!" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தும்போதுதான் நான் எதிர்வீட்டுக்குத் தயிர் கேட்கப் போனேன். கேட்க மறந்து நின்றுவிட்டேன்.

நிறைமதியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று சொல்லும் புதுத் தட்டில் பஜ்ஜி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை துகிலன் மூன்றாவதை எடுத்ததும், "இது பசியில்லை, அம்மா பயம்" என்றதாம் தட்டு.

"எங்கிட்ட என்னடா பயம்?"

"சேச்சே, இல்லம்மா" என்று நான்காவதை எடுத்தான்.

"அதே பயம்" என்றது தட்டு.

நிறைமதி சிரித்துவிட்டாள். அவள் அப்பா, வரன் போச்சே என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்திரிடா, போலாம்!"

துகிலன் எழவில்லை. ஐந்தாவதைக் கடித்தான்.

"இது பசி" என்றது தட்டு.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?" என்றாள் நிறைமதி.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது; சீரோடு தட்டும் போனது. மாமியார் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே எவர்சில்வர் தட்டுதானாம்.