ஏழு வட்டி

என் கடன் நாலாயிரம் ரூபாய். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி.

எங்கள் பல்லடம் மில் முதலாளிக்கு சிங்கப்பூர் பேங்கில் கோடிக்கணக்கில் கடனாம். நூற்றுக்கு வருடம் முழுக்கவே ஏழுதான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, மொதலாளிக்கு சிங்கப்பூர்ல வருசத்துக்கு ஏழு, எனக்கு மட்டும் ஏனுங்க அறுவது?" கடன் கொடுத்த மேஸ்திரி அங்கப்பனிடம் கேட்டேன்.

"வட்டி ஊருக்கு ஊரு, ஆளுக்கு ஆளு மாறும் கண்ணு. உன்ற மூஞ்சிக்கு சிங்கப்பூர் கேக்குதா?"

தீபாவளி போனஸில் மொத்தமாகக் கட்டிவிட்டேன். மறந்துவிட்ட சோற்றுத் தூக்குப்போசியை எடுக்கத் திரும்பினால், மேஸ்திரி அந்தப் பணத்தை முதலாளியின் டிரைவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"சிங்கப்பூர் பணத்துல இப்பப் போனவனுக்குக் குடுத்த பங்கு வட்டியோட வந்துபோட்டுதுன்னு முதலாளிகிட்டச் சொல்லீரு."

இத்தனை நாள் நானும் சிங்கப்பூர் கடன்தான் கட்டியிருக்கிறேன்.