துருப்பிடிக்காத கம்பி

பனச்சமூட்டில் புதுப் பாலத்தின் மேல்தளத்துக்குக் கம்பி வந்து இறங்கியது. வாட்ச்மேன் தங்கப்பன் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

“என்ன மேடம், முருங்கைக்காய் கணக்கா இருக்கு?”

“இது ஃபைபர் கம்பியாக்கும். துருவே பிடிக்காது,” என்றாள் இன்ஜினியர் அமிர்தா. “இரும்பில்லாததால பழைய சாமான் வாங்குற ஆக்கர் கடையிலயும் எடுக்கமாட்டான். இனி யாரு திருடப்போறா? திங்கக்கிழமையில இருந்து காவலே வேண்டாம் அண்ணா.”

திங்கட்கிழமை காலையிலேயே அமிர்தா போனில் அலறினாள்.

“அண்ணா, இருபது கம்பியக் காணல! எந்தக் கிறுக்கன் எடுத்தான்னு தெரியல. பாலம் முடியுற வரைக்கும் நீங்கதான் காவல். உடனே வாங்க!”

“இன்னா வாறேன் மேடம்.”

தங்கப்பன் போனை வைத்துவிட்டு, பயற்றுப் பந்தலுக்கு இருபதாவது காலை நட்டார்.

மனைவி விஜயம்மா அதை ஆட்டிப் பார்த்தாள். “மழைக்குத் தாங்குமா?”

“துருவே பிடிக்காதாக்கும். மேடமே சொன்னாவ!”