முத்திரை வராத வாரம்

ஓர் ஆண்டுக்குள் அரசாங்கம் மூன்று முறை மாறியதில், ஊரின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் மிஞ்சியவள் எழுத்தர் பூங்கோதை ஒருத்திதான். கழுகு முத்திரை செல்லாது என்று காளை முத்திரை வந்தது. போன வாரம் காளையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். புதிய தேசியச் சின்னம் எது என்று தலைநகரில் இன்னும் முடிவாகவில்லை.

அன்று மாசிலாமணி என்ற படகோட்டி வந்தார். "மக பொறந்து பத்து நாளாச்சும்மா. தாய்க்குப் பால் இல்ல. சான்றிதழ் இல்லாம கிடங்குல பால்மாவு தர மாட்டேங்கிறாங்க."

"முத்திரை வரட்டும் ஐயா."

"அதுவரைக்கும் புள்ள இருக்கணுமே." நேரம் என்ன என்று கேட்பவரைப் போலத்தான் சொன்னார்.

பூங்கோதை படிவத்தை எடுத்தாள். பெயர், தேதி, பெற்றோர் எல்லாம் நிரப்பியவள், 'நாடு' என்ற இடத்தில் சற்றுத் தயங்கி ஊரின் பெயரை எழுதினாள். முத்திரைக்கான வட்டத்துக்குள் தன் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். கீழே தன் முழுப் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதினாள்.

"இது செல்லுங்களா?"

"செல்லாதுன்னா என்னையத் தேடி வரட்டும்."

அவர் போன பிறகுதான் கட்டைவிரலில் இருந்த மையைத் துடைத்தாள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளாகத் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். பூட்டில் சாவியை வைத்தவள் திருப்பாமலே நின்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றினான். "அந்தத் தாளைப் பாத்துக் கிடங்குல பால்மாவு குடுத்தது நான்தான்," என்றான். "என் புள்ளைக்கும் ஒண்ணு எழுதணும்க்கா."