விட்ட இடத்திலிருந்து

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் திருவேங்கடத்தின் வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்துபோவது அவருக்குப் பெரிய மானக்கேடு. டொரண்டோவிலிருந்து மகள் பூங்கோதை கூப்பிட்டுப் பேசும்போது பாதியில் லைன் போய்விடும். உடனே அவளுடைய கணினி, எல்லா வீட்டிலும் நடப்பதுபோல, அவர் முகத்தையும் குரலையும் போட்டு மிச்சத்தைத் தானே பேசி முடிக்கும். மகளுக்கு வித்தியாசம் தெரியாது.

“என் பேச்சை முடிச்சு வைக்க அது யாரு?” என்று மோடத்தைக் குடைந்தார்.

“அது பாட்டுக்கு இருக்கட்டுமே, விடுங்களேன்” என்றாள் மனைவி ரமணி.

அவர் விடவில்லை. தளர்ந்திருந்த வயரை இறுக்கிவிட்டு, அணையே கட்டி முடித்தவர்போல் நிமிர்ந்தார்.

அந்த ஞாயிறு லைன் ஒரு நொடிகூட அறுபடவில்லை. மகளின் வேலை, சமையல், புருஷன், தலைமுடி என்று எல்லாவற்றுக்கும் அறிவுரை வழங்கினார். பூங்கோதையின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

“அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? போன வாரம்கூட நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக் கேட்டாரே. ‘நீ எது செஞ்சாலும் சரியாத்தாம்மா இருக்கும்’னாரே.”

அடுத்த ஞாயிறு, அவள் கூப்பிட்டதும் வணக்கம் வைத்துவிட்டு, மேசைக்கடியில் குனிந்து வயரை அவரே உருவினார். இருண்ட திரைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்தார்.

“கோதை என்னங்க சொல்றா?” அடுப்படியிலிருந்து ரமணி கேட்டாள்.

“அப்பாகூட சந்தோஷமாப் பேசிட்டிருக்கா” என்றார்.