இரண்டா, ஒன்பதா?

தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அக்கா, எக்ஸ் பிளஸ் ஏழுக்கு வர்க்கமூலம் எடுத்தா, எக்ஸ் மைனஸ் அஞ்சு வருது. எக்ஸ் என்ன?”

“ரெண்டு பக்கமும் வர்க்கப்படுத்தணும். எக்ஸ் ரெண்டு, இல்லன்னா ஒன்பது.”

“ரெண்டும் சரியா?”

“போட்டுப் பார்க்கணும்டி. ரெண்டைப் போட்டா இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மைனஸ் மூணு. அப்போ...”

அக்கா மென்று விழுங்கினாள். வாய் அசைந்தது, சொல் வரவில்லை.

“அப்போ? சொல்லுக்கா! தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவியே!”

அக்கா மலங்க மலங்க விழித்தாள். தங்கை பதறிப்போய்த் திரும்பினாள்.

“டாக்டர், அங்க வேண்டாம்! கையை எடுங்க!”

அக்காவின் திறந்த மூளையைத் தொட்டுக்கொண்டிருந்த மின்முனையை அறுவை மருத்துவர் சட்டென்று விலக்கினார். மின்முனை பட்டதும் பேச்சு தடுமாறும் இடத்தில் கத்தி படக்கூடாது என்பதற்காகத்தான் அவளை விழிப்பிலேயே வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்த இடத்தை விட்டுட்டுக் கட்டியை எடுத்துடலாம்,” என்றார் அவர்.

மயக்க மருத்துவரான தங்கை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவின் உதடுகளையே பார்த்தாள்.

“ரெண்டு ஒத்துவராது, ஒன்பதுதான்டி,” என்றாள் அக்கா. “இதுகூடத் தெரியாமலா நீ டாக்டர் ஆனே?”

முகமூடிக்குள் தங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.