உருளைக்குள் போன கை

மலாயாவில் லிங்கி பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ரப்பர் ஆலையில், உருளை மெஷினில் சிக்கி அங்கமுத்துவின் வலக்கை நசுங்கிப்போனது. வேலையில் அடிபட்டால் தோட்டம் நஷ்டஈடு தர வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்த நேரம். சிரம்பானிலிருந்து தொழிலாளர் இலாகா அதிகாரியான லேபர் துரை விசாரிக்க வந்தார்.

"மெஷின் ஓடும்போது கை விடாதேன்னு சொல்லியிருந்தியா?" என்று, ஆலையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீராச்சாமியைக் கேட்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் தொரை. வேணும்னே மீறிட்டான்." வீராச்சாமி தலை நிமிரவில்லை.

"மீறினவனுக்கு நஷ்டஈடு கிடையாது. நீ என்ன சொல்றே?"

அங்கமுத்து மண்டோரை ஒருமுறை பார்த்தான். "அவரு சொல்றது சரிதாங்க. என் தப்புதான்."

துரையின் கார் போனதும் வீராச்சாமி விறுவிறுவென்று நடந்தார். கட்டுப்போட்ட கையோடு அங்கமுத்து பின்னாலேயே ஓடிவந்தான். சட்டையைப் பிடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தவர் நடையை இன்னும் எட்டிப் போட்டார்.

"அண்ணே, உங்க பாப்பாவுக்குத் தோள் வலி விட்டுருச்சா?"

வீராச்சாமி நடையை நிறுத்தித் திரும்பினார்.

"ஆலைக்குள்ள புள்ளையக் கூட்டியாந்தது தெரிஞ்சா உங்க வேலை போயிருமேன்னுதான் நானும் வாயத் தொறக்கல. உருளைக்குள்ள போன அது கைய வெளிய இழுக்கறப்ப, கொஞ்சம் பலமாப் புடிச்சு இழுத்துட்டேண்ணே."