கரடி பிடித்த சுக்கான்

சாதிக்காய் வியாபாரியான கணவன் மக்பூலோடு இலங்கையின் மாத்தளையிலிருந்து கிரெனடாத் தீவுக்கு வந்திருந்தாள் ஸுலைஹா. ட்ரினிடாட் போகும் பாய்க்கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் பிடிக்காத கை அது.

"விடு ஸுலைஹா, ஆக்கள் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! நம்மளத் தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்காங்க?"

பாய் புடைத்தது, கப்பல் துள்ளியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாய்விட்டுப் பாடவே தொடங்கிவிட்டாள். சுக்கான் பிடித்திருந்த தாடிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"கரடி முழிக்கிறதப் பாருங்க! கத்திரிக்கோலையே காணாத தாடி!"

மக்பூலும் விழுந்து விழுந்து சிரித்தான்.

தாடிக்காரன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"பேச்சுலயே ஊர் தெரியுது. நானும் மாத்தளைதான், தங்கச்சி. தமிழ்ல ஏச்சு வாங்கி எத்தனையோ வருஷமாச்சு. இன்னும் ரெண்டு ஏசுங்க!"